தாழ்ப்பாள் போட்ட தாளம்

நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மனித இனம் குச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதன் பிறகு அந்தத் துறையில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இதை அறிவித்த அண்ணன், கல்லூரி இசைக்குழுவின் டிரம்மர். நண்பர்கள் அவனை 'இடி' என்று கூப்பிட்டார்கள். அது பாராட்டுதானா என்று அவன் விசாரித்ததில்லை.

அறிவிப்புக்குக் காரணம் தங்கை. டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்த அவளுக்கு இன்னும் டிரம்மைக் கண்ணில் காட்டவில்லை. ஒரு ரப்பர் பலகையைக் கொடுத்து, குச்சியைப் பிடிக்க மட்டும் சொல்லித்தருகிறார்களாம்.

"குச்சி பிடிக்க ஒரு டியூஷன். அடுத்த மாசம் உட்கார சொல்லித்தருவாங்களா?"

"அதுவும் உண்டு. நீ கூன் போட்டுல்ல உட்கார்ற" என்றாள் தங்கை, தட்டிலிருந்து நிமிராமல். அம்மாவுக்குப் புரையேறியது.

அண்ணனின் முறை எளிமையானது: அகப்பட்ட திருடனைப் பிடிப்பதுபோல் குச்சியைப் பிடிக்க வேண்டும். அன்று மாலை ஒத்திகையில், வேகமான பாட்டு வந்ததும் இறுக்கிய விரல்கள் மரத்துப்போய், வலக்கைத் திருடன் தப்பித்துப் பாடகனின் காதை உரசிக்கொண்டு பறந்தான். முதல் தடவையும் அல்ல. பாடகன் மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகப் பேசினான்.

"மச்சான், நாளைக்கு ஒத்திகைல இன்னொரு தடவ பறந்துச்சுன்னா, மேடைல உன் இடத்துல லேப்டாப்ப வெச்சுக்கறோம். அது எதையும் தூக்கி எறியாது."

வீட்டுக்கு வந்து, உள்ளங்கைக் கொப்புளத்துக்கு ஐஸ் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேசையில் தங்கை குச்சியைத் தூக்கி, ரப்பர் மேல் சும்மா விழவிட்டாள். அது எழும்பியது. மறுபடி விழுந்து, மறுபடி எழும்பி, துள்ளல் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் ஓர் எறும்பு ஓடுவதுபோல் முடிந்தது. அவள் கை அசையவே இல்லை.

"நீ ஒரு தடவதான அடிச்ச?"

"அடிக்கல. விட்டேன்."

"விட்டா கீழ விழணும்ல?"

"கட்டைவிரலும் பக்கத்து விரலும் விடல. மத்ததெல்லாம் சும்மா கூட வருது. கையக் குடு, காட்டறேன்."

"வேணாம். சும்மா கேட்டேன்."

"ஃப்ரிட்ஜ மூடிட்டுக் கேளுடா" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் துண்டோடு குளியலறைக்குப் போனான். துண்டு வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தது. தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து எதிரில் குந்தினான். முதல் தடவை குச்சி 'தொப்'பென்று விழுந்து அங்கேயே செத்தது. ஒரு விரலைத் தளர்த்தினான். ஒரு துள்ளல். இன்னொரு விரல். கொஞ்சம் பின்தள்ளிப் பிடித்தான்.

"எவ்வளவு நேரம்டா குளிப்ப?"

"சோப்பு போடறேன்மா."

வெளியே ரப்பர் பலகையின் சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. குச்சியை மறுபடி விழவிட்டுக் காதைச் சாய்த்தான். கடைசித் துள்ளல்கள் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமல் போயின. இடக்கையை நீட்டி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினான்.