கயிறு பிடிக்க ஒரு ஆள்

கம்பி வலையில் குப்பை சேர்ந்தால் மோட்டார் தண்ணீரை இழுக்காது. ஒருவர் கிணற்றுக்குள் இறங்கி வலையைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொருவர் மேலே நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. உயிர்மேல் ஆசை உள்ளவனுக்கு எழுதிக் காட்டத் தேவையுமில்லை.

நானும் என் மச்சினனும் ஒன்பது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தோம். அவன் என் மனைவியின் தம்பி. இறங்குவது அவன், பிடிப்பது நான். "மாமா, வீட்டுல அக்கா பிடிச்ச பிடிய விட இது தேவல" என்று உள்ளேயிருந்து கத்துவான்.

போன வருஷம் நிதித்துறைத் துணைச் செயலர் ஆய்வுக்கு வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் வாசலில் நின்றார். அப்போது மச்சினன் உள்ளே இருந்தான். என்னைக் காட்டி எங்கள் இன்ஜினியரிடம் கேட்டார்: "இவர் சும்மாதானே நிக்கிறார்?"

இரண்டு மாதத்தில் சட்டசபையில் ஒரு சட்டம் வந்தது. மாநகராட்சி இனித் தன் இஷ்டத்துக்கு வரியை உயர்த்தக் கூடாது. நிதித்துறை ஒப்புக்கொண்ட பணியிடத்துக்கு மேல் ஒரு ஆளையும் வைக்கக் கூடாது. கூடுதல் ஆள் வைத்தாலோ, பணி நேரம் தாண்டி வேலை வாங்கினாலோ, அந்த அதிகாரியின் சம்பளத்தில் பிடித்தம். பட்ஜெட்டில் நகரங்களுக்குத் தரும் பங்கிலும் மூன்றில் ஒன்றை வெட்டினார்கள். மேயர் நாலு தடவை போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். கடைசியில் துணைச் செயலர் கையெழுத்தோடு ஒரு காகிதம் வந்தது: நிலையம் ஒன்றுக்கு ஒரு ஆள் போதும். பன்னிரண்டு நிலையங்களிலும் அவருக்குக் கத்திரிக்கோல் என்று பேர் விழுந்தது.

என்னை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். மச்சினன் தனியானான். வலை அடைத்தபோதெல்லாம் கயிற்றைக் கம்பித் தடுப்பில் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறான். ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பவில்லை என்று போய்ப் பார்த்தேன். கயிறு விறைத்து நின்றது. முடிச்சு அவிழவே இல்லை. விஷவாயு அடித்து விழுந்தவனை இழுக்கத்தான் ஆள் இல்லை.

விசாரணை நடத்தினார்கள். தனியாக இறங்கியது அவன் தவறு என்று முடித்தார்கள். இனி யாரும் தனியாக இறங்கக் கூடாதென்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. அவன் இடத்துக்கு என்னையே திருப்பிப் போட்டார்கள்.

என் மனைவி அழுது ஓய்ந்த பிறகு ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தக் கயித்த அந்தாளு கையில குடுக்கணும். சும்மா நிக்கிறதா இல்லையான்னு அவனே தெரிஞ்சுக்கட்டும்."

நான் காத்திருந்தேன்.

நிதித்துறையின் புதுக் கட்டடம் எங்கள் நிலையத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. பள்ளம், கட்டாதீர்கள் என்று எங்கள் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். மாநில அரசுக் கட்டடத்துக்கு மாநகராட்சி அனுமதியே தேவையில்லை என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கார்களும் ஜெனரேட்டரும் தரைக்கு அடியில். அங்கே தண்ணீர் ஏறாமல் காப்பது என் மோட்டார் ஒன்றுதான்.

அன்றைக்கு மதியத்திலிருந்து விடாத மழை. மூன்றரைக்கு வலை அடைத்தது. முதலில் அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டு, சைக்கிளை மாடிக்கு ஏற்றச் சொன்னேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன். பிறகு இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் நகரத்தின் மறுகோடியில் வேறொரு நிலையத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தனியாக இறங்க மாட்டேன், சட்டத்தையும் சுற்றறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். சரி, கத்திரிக்கோலிடமே சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நாலரைக்குக் கத்திரிக்கோல் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கைக்குட்டையைக் காணோம். அடித்தளத்தில் தண்ணீர் நுழைந்துவிட்டது, உடனே ஏதாவது செய்யுங்கள் என்றார். ஒருவர் இறங்க வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும் என்றேன். டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்றார்.

"அவருக்கு இங்க பணியிடம் இல்லீங்க. வச்சா எங்க இன்ஜினியர் சம்பளம் போயிரும். இங்க ஆள் போடற அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கு. உங்களையே போட்டுக்கங்க."

என் முகத்தைப் பார்த்தார். விளையாடவில்லை என்று புரிந்திருக்கும். கையை நீட்டினார். கயிற்றை வைத்தேன்.

"நான் என்ன செய்யணும்?"

"சும்மா நிக்கணும்."

சத்தியமாக இறங்கத்தான் நினைத்தேன். மூன்று படி இறங்கினேன். மேலே பார்த்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை ஆசை தீரப் பார்த்தேன். நாலாவது படியில் கால் வைக்கும்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையை எடுத்தார். அப்புறம் கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, "சொல்லுங்க சார்" என்று பேச ஆரம்பித்தார்.

ஏறி வந்தேன். இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். மணி ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது. நாற்காலியைப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். என்ன, என்ன ஆச்சு என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். கெஞ்சினார், மிரட்டினார், வேலை போய்விடும் என்றார். போனில் யாரோ கார்கள் மிதப்பதாகச் சொன்னது எனக்கே கேட்டது. ஐந்து அடித்ததும் எழுந்தேன்.

"பணி நேரம் முடிஞ்சுது சார். வெளிய வாங்க, பூட்டணும்."

வீட்டில் அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"எவ்வளவு நேரம்?"

"போன் அடிக்கிறவரைக்கும்."

அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானத்துக்குள் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து காகிதம் வந்தது. அதே வேகத்தில் எங்கள் நிலையத்துக்கு மட்டும் இரண்டு புது ஆட்களை நிதித்துறை ஒப்புக்கொண்டது. அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும். அவள் இரண்டையும் கேட்டுவிட்டு, மிச்சப் பதினோரு நிலையத்திலும் தனியாக இருப்பது யார் யார், வீடு எங்கே என்று விசாரித்தாள். சொன்னேன்.

"மழை விடறதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துரலாம்" என்றாள். "ஒருத்தனும் இறங்கக் கூடாது. ஊரே மிதக்கட்டும்."

குடை ஒன்றுதான் இருந்தது. அதை விரித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.