வேப்பிலை கசந்த நாள்

பரளச்சிப் பக்கம் யாரையாவது பாம்பு தீண்டிவிட்டதென்று சந்தேகம் வந்தால், வாயில் வேப்பிலையைக் கொடுத்து, கசக்கிறதா என்று கேட்பார்கள். கசந்தால் உடம்பில் விஷம் இல்லை. இனித்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷம் இறங்கும்வரை அந்த வீட்டில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மாசி மாதம், பருத்திக் காட்டில் வீரபத்திரன் "ஐயோ, காலு!" என்று அலறி விழுந்தான். அவன் மனைவி முத்துலட்சுமி மடிப் பருத்தியை அப்படியே கொட்டிவிட்டு ஓடி வந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வெளுத்துச் சில்லிட்டிருந்தது. உச்சிவெயிலில் கரிசல் மண் கொதிக்கிறது, கால் மட்டும் சில்லென்று இருக்கிறது. பாம்பைத் தவிர வேறெதை நினைப்பார்கள்? வெடிப்பு வெடிப்பாகத் தேடினார்கள். பல் பட்ட தடமும் இல்லை, பாம்பும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இடது தொடையில் ஒரு கட்டி வந்து, மதுரையில் அறுத்து எடுத்திருந்தார்கள். அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்கள். பஞ்சு மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிறவனுக்கு என்ன செக்கப்? போகவில்லை. இப்போதும் அந்தக் கட்டி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அது இடது கால், இது வலது கால்.

விஷக்கடிக்குப் பார்வை பார்க்கிற இருளப்பசாமியிடம் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அவர் வேப்பிலையைக் கொடுத்தார். வீரபத்திரன் மென்றான். தூவென்று துப்பினான்.

"கசக்குது சாமி."

"நல்லாச் சொல்லுப்பா."

"குமட்டுதுங்கிறேன்! நீரு தின்னு பாரும்."

முத்துலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். இருளப்பசாமிக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "விஷம் இல்ல தாயி. நரம்பு சுண்டியிருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கடுகும் வெங்காயமும் தாளித்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தெருவே மணத்தது. பொழுது சாயச் சாய வலி குறைந்து கால் மரத்துப் போனது. "வலி விட்ருச்சு புள்ள" என்றான் அவன். குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டாள்.

விடிந்தபோது கால் நீலம் பாரித்துக் கிடந்தது. வாடகைக் காரில் காரியாபட்டி வழியாக மதுரைக்குக் கொண்டு போனார்கள். படமெடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பழைய கட்டி நுரையீரலுக்குப் பரவி, அங்கேருந்து இருதயத்துக்குள்ள வளந்திருக்கும்மா. அதுல ஒரு துணுக்கு உடைஞ்சு, ரத்தத்தோட ஓடிவந்து கால் குழாய அடைச்சிருச்சு. இனி கால எடுத்தாத்தான் உசுரு."

"நேத்தே வந்திருந்தா?"

"காலக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

"மிச்சக் கட்டி?"

"அது இருதயத்துலயேதான் இருக்கு. இன்னொரு துணுக்கு எப்ப வேணாலும் உடையலாம். எங்க போயி அடைக்கும்னு சொல்ல முடியாதும்மா."

"அதுக்கு மருந்து?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கால் போய் வீட்டுக்கு வந்த பிறகும் வீரபத்திரனின் வாய்க்கொழுப்பு போகவில்லை. "பாம்பு கடிச்சிருந்தா ஒத்த ஊசியில நடந்து வந்திருப்பேன். எனக்கு அதுக்கும் குடுத்து வைக்கல." அவளும் அதையேதான் நினைத்து நினைத்து அழுதாள். ஒரு நல்லபாம்பு கடித்திருக்கக் கூடாதா? அவன் தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். துடிப்பு கேட்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பயப்படுவாள்.

பங்குனியில் ஒரு காலைப்பொழுது, கஞ்சிக் கும்பா அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "ஏங்க!" என்றாள். பேச்சு வரவில்லை. கை தொங்கிவிட்டது.

டாக்டரம்மா சொன்ன துணுக்கு இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாசலுக்கு ஓடினாள். வேம்பில் ஒரு கொத்தை ஒடித்து வந்து, இலையைக் கிள்ளி அவன் வாய்க்குள் வைத்தாள்.

"கசக்குதா? ஒரே ஒரு வார்த்த, கசக்குதுன்னு சொல்லுங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுளிக்கவில்லை. எச்சில் கடைவாயில் வழிந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, அவள் இன்னொரு இலையைக் கிள்ளினாள்.