ஒரு பட்டனுக்குக்கூடக் கேட்போம்

"சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்" என்று அம்மா குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே பூங்கொத்துகளும் கூப்பிய கைகளும் கொட்டிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு துண்டை மடித்து அடியில் கொடுத்து, தையல் படாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவளுக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையில் பிள்ளை. தட்ட முடியாது. போனை வாயருகே வைத்துப் பேசினாள், போன் எழுதிக்கொண்டது.

"அம்மா, அந்த வார்த்தையை எடு. எனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே இன்னும் யாரும் சொல்லல. அதுக்குள்ள சுகம்னு ஊருக்குச் சொல்லாத."

நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்த கணவன் துள்ளி எழுந்தான். "குரூப்ல ஏன்மா போடுற? பெரியப்பால்லாம் இருக்காரு!"

"இருக்கட்டும். பெரியப்பாவும் யார் வயித்துலயோ பொறந்தவர்தான்."

உடனே அம்மா கூப்பிட்டாள். "ஏன்டி, பச்சை உடம்புக்காரி, இப்பவே என்னடி கோவம்? பிள்ளை முழுசா கைக்கு வந்திருச்சுல்ல?"

"வந்திருச்சும்மா. நான் முழுசா இருக்கேனான்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

"நாங்கல்லாம் பெக்கலையா?"

"பெத்தீங்க. வாயத்தான் தெறக்கல."

அம்மா பேச்சை மாற்றினாள். "மாப்பிள்ளை கூடத்தானே இருந்தாரு?"

"அதுதான்மா வினையே."

கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கெட்டவன் இல்லை. விடிய விடிய முதுகைத் தேய்த்துவிட்டவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம். சீருடை போட்டவர்கள் வாயைத் திறந்தால் போதும், வாக்கியம் முடிவதற்குள் "ஓகே, ஓகே" என்பான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரிக்கும் ஓகே, ஜன்னல் திறக்காத வீட்டைக் காட்டிய தரகனுக்கும் ஓகே. பிழைக்க வந்த நாட்டில் தலை தப்பிக்க அவன் கண்டுபிடித்த வழி அது. அவளுக்கு அந்த ஊர் பாஷை வராது, எல்லாம் அவன் வழியாகத்தான். அவள் தம்பி அவனுக்கு 'ஓகே மாமா' என்றே பெயர் வைத்திருந்தான். அவளும் சேர்ந்து சிரித்தவள்தான், பிரசவ அறைக்குள் போகும்வரை.

அங்கே மண்டியிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னே பின்னே அசைந்தால் வலி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அதை அவளாகவேதான் கண்டுபிடித்தாள். நர்ஸ் வயிற்றில் கட்டும் ஒரு பட்டையோடு வந்து, இதயத் துடிப்பு மிஷினில் சரியாக விழவில்லை, மல்லாந்து படுக்க வேண்டும் என்றாள். "ஓகே" என்றான் இவன். வலியைக் கூட்ட டிரிப்ஸ் போடட்டுமா என்றார்கள். ஓகே. பனிக்குடத்தை உடைக்கட்டுமா என்றார்கள். ஓகே. எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தமிழில் சேதி வரும். கடைசியில் கத்தரி வைத்தபோது அந்தச் சேதியும் வரவில்லை. தையல் ஊசி ஏறி இறங்கும்போதுதான் எங்கே வெட்டினார்கள், எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது.

காலை ரவுண்ட்ஸுக்கு டாக்டரம்மா வரும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றத அப்படியே சொல்லணும். சர்க்கரை தடவக் கூடாது" என்றாள்.

"நாளைக்கும் இவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும். எதுக்கு வம்பு?"

"வெட்டுப்பட்டது நான். வம்பு மட்டும் உங்களுக்கா?"

டாக்டரம்மா நின்றபடியே சிரித்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். அவ்வளவு அவளுக்கே புரிந்தது.

"என்னைக் கேக்காம ஏன் வெட்டினீங்க? கேளுங்க."

அவன் சிரித்த முகமாக ஏதோ சொன்னான். டாக்டரம்மாவும் சிரித்து அவள் தோளைத் தட்டினாள். அவன் பேச்சில் ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டல் லாண்டிரியில் விரிப்பு மடிக்கும் வேலையில் தினமும் காதில் விழுவது.

"நான் எப்பங்க நன்றி சொன்னேன்?"

பிள்ளை சிணுங்கியது. அவள் விடவில்லை. "அப்படியே கேளுங்க."

கேட்டான். டாக்டரம்மாவின் சிரிப்பு சுருங்கியது. குழந்தையின் துடிப்பு இறங்கியதாம், சீக்கிரம் எடுக்க வேண்டியிருந்ததாம். இதை மட்டும் அவன் மடமடவென்று தமிழில் சொல்லிவிட்டான்.

"அதைக் குத்தம் சொல்லல. என் பிள்ளையக் காப்பாத்தினாங்க, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தாள். சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கேட்டாங்களாம்..." என்றான். "என்னைக் கேட்டாங்களாம். நான் ஓகே சொன்னேனாம்."

"சொன்னீங்களா?"

"என்ன கேட்டாங்கன்னே எனக்குப் புரியலம்மா. நீ கத்திக்கிட்டு இருந்த. பயத்துல சொல்லிட்டேன்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. டாக்டரம்மாவை நேராகப் பார்த்தாள்.

"இதையும் சொல்லுங்க. எங்க லாண்டிரியில ஒரு சட்டைப் பட்டனை அறுக்கணும்னாக்கூட, சட்டைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்போம். பக்கத்து ரூம்காரரைக் கேக்க மாட்டோம். நான் அந்தக் கட்டில்லயேதான் இருந்தேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் சொன்னான். பக்கத்து ரூம்காரர் என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனால் விடாமல் சொன்னான்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரத்தில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்களைப் பார்த்துக் கேட்பதே வழக்கமாகிவிட்டது என்றாள். அவன் வரிக்கு வரி தமிழில் சொன்னான். அவளிடமே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். வருத்தம் என்ற வார்த்தை வந்தது. பாதி வாய்க்குள்ளேயே நின்றது. வந்தவரைக்கும் அவள் வாங்கிக்கொண்டாள். "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா போனதும் நர்ஸ் திரையை இழுத்தபடி வந்து அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் உதடு "ஓ" என்று குவிந்தது. குவிந்த இடத்திலேயே நின்றது. கையால் கட்டிலைக் காட்டினான். நர்ஸ் திரும்பி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தையலைப் பார்க்கணுமாம். இப்பவா, பால் குடுத்தப்புறமான்னு கேக்குறாங்க" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "இல்ல, அவங்க கேக்கல. நான்தான் கேக்குறேன்."

"பால் குடுத்தப்புறம். அதுவரைக்கும் வெளிய இருக்கச் சொல்லுங்க."

"ஓகே" என்றான், அவளிடம்.

"உங்க மேல கோவம் இன்னும் தீரல. தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்மா."

பிள்ளை மார்பைக் கவ்வியது. போன் மினுக்கியது. அம்மா பழைய சேதியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தாள்: "பெண் குழந்தை. பிரசவம் எப்படி இருந்துச்சுன்னு அவளே சொல்லுவா. எல்லாரும் கேளுங்க."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.