திரும்பி வரும் தேதி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டிதுரை நடத்தும் வாடகைப் பாத்திரக் கடையை அன்று காலையிலேயே இரண்டு தடவை கூட்டிப் பெருக்கிவிட்டாள் அவர் மனைவி ஈஸ்வரி. இத்தனை உபசாரமும் கடைக்கு இல்லை, கடை மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு. ராஜபாளையத்திலிருந்து செல்வின் வருகிறான். அவனுக்கும் இதே தொழில், கடை மட்டும் நாலு மடங்கு பெரிது. ஈஸ்வரி எழுதிய சாஃப்ட்வேர் பிடித்தால் தனக்கும் ஒன்று செய்துதரச் சொல்வதாகப் போனில் சொல்லியிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஈஸ்வரி கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவள். பாண்டிதுரை பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அவளுக்குப் பிள்ளைகள், மாமியார், தோட்டம் என்றே போய்விட்டது. அவர் ஓய்வுபெற்று வந்து கடை போட்ட பிறகுதான் மறுபடி கீபோர்டைத் தொட்டாள். டேட்டாபேஸில் மூன்றே டேபிள். பாத்திரத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று. யார் எதை எடுத்தார்கள், என்றைக்குப் போனது, என்றைக்குத் திரும்பும் என்று நிரப்பிச் சேமித்தால், குடோனில் மிச்சம் எவ்வளவு என்று திரை தானே சொல்லிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் குடோன் வாசலில் நின்று ஈஸ்வரி எண்ணிப் பார்ப்பாள். ஒரு வாரம்கூட எண்ணிக்கை பிசகியதில்லை. அந்தப் பெருமையில் அவள் தரையில் கால் பாவாமல் நடக்கிறாள் என்று பாண்டிதுரை கேலி செய்வார்.

இனி இதை வைத்துத் தானும் நாலு கடைக்கு வேலை செய்யலாம், தன் பெயரில் ஒரு தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஆசை. செல்வின் சரி என்றால்தான் அதற்குப் பிள்ளையார் சுழி.

செல்வின் வந்தான். திரையை உற்றுப் பார்த்தான்.

"பெரிய அண்டா இருபதுன்னு காட்டுதே மதினி. நெசமாவே இருக்குமா?"

"வாங்க, எண்ணியே பாருங்க."

"அதெல்லாம் எதுக்குலே இந்த வெயில்ல?" என்று பாண்டிதுரை குறுக்கே விழுந்தார். "செத்த உக்காரு, சர்பத் சொல்லுதேன்."

ஈஸ்வரி அதற்குள் குடோன் கதவைத் திறந்துவிட்டாள். சரியாக இருபது அண்டா இருந்தது. அவள் முகம் பூரித்தது. செல்வின் சும்மா இருக்காமல் ஓர் அண்டாவை உருட்டித் திருப்பினான். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: செல்வின் பாத்திரக் கடை, ராஜபாளையம்.

"என்ன அண்ணாச்சி இது? பெரிய கல்யாணம்னு சொல்லி வாங்கிட்டு வந்திய. இங்கன சும்மா கெடக்கு?"

பனிமலையில் துப்பாக்கி பிடித்து நின்ற மனுஷன், பெண்டாட்டி பார்த்த பார்வையில் வெலவெலத்துப் போனார்.

"ஏட்டி, கோவிக்காத. புதுப்பட்டியில நம்ம அழகுராஜாவோட அப்பா தவறிட்டாருல்ல. எட்டு அண்டா அனுப்புனேன். ஒன் சாஃப்ட்வேரு திரும்ப வர்ற தேதியப் போட்டாத்தான் சேமிப்பேங்குது. எழவு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எப்பத் தருவியன்னு எப்படிக் கேக்கது? போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லாமத்தான வருவோம்?"

"நீங்களா ஒரு தேதி போட்டிருக்கலாம்ல?"

"தேதி தாண்டுனா செவப்பாக் காட்டுது. ஒடனே நீ அவியளுக்குப் போன் போட்டுருவ."

அதனால் பதிவே போடவில்லை. பதியாததால் திரை இருபது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வந்து எண்ணுகிறவளுக்குக் குறையக் கூடாதே என்று, குட்டியானை வண்டி பிடித்து ராஜபாளையம் போய் எட்டு அண்டாவை வாங்கி அடுக்கிவிட்டார். கணக்கைத் திருத்துவதை விட்டுவிட்டுக் குடோனைத் திருத்தியிருக்கிறார் மனுஷன்!

துக்க வீட்டில் தேதி கேட்கக் கூடாது என்று ஈஸ்வரிக்குத் தெரியாதா? அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. எழுதும்போது அவள் நினைப்பில் கல்யாண வீடு மட்டும்தான் இருந்தது. வந்த வேலையும் கைநழுவியது என்றே அவளுக்குத் தோன்றியது. விறுவிறுவென்று கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'துக்க வீடு' என்று ஒரு சின்னக் கட்டம் சேர்த்தாள். அதில் டிக் அடித்தால் தேதி இல்லாமலும் சேமிக்கும், சிவப்பும் காட்டாது. புதுப்பட்டியைப் பதிந்ததும் இருபது பன்னிரண்டானது. வாங்கிய சர்பத்தில் ஐஸ்கூடக் கரையவில்லை.

"நாலு வரிங்க," என்றாள். "இதுக்குப் போயி ராஜபாளையத்துல இருந்து அண்டா சொமந்திருக்கிய. குத்தம்னா சொல்ல வேண்டாமா? எனக்குச் சொல்ல ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

"ராவு பகலா உக்காந்து செஞ்ச. எத்தன வருசம் கழிச்சு அப்படிச் சிரிச்சுப் பாத்தேன் தெரியுமா? அதுல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரலட்டி."

அவர்மேல் இருந்த கோபம் அவளுக்கு அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு முறைத்தாள்.

செல்வின் சிரித்தான். "மதினி, எங்க கடைக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. எங்க ஆளுக சாவு வீட்டுலயும் யாரும் தேதி கேக்க மாட்டோம். இந்தக் கட்டம் கண்டிப்பா வேணும்."

ஈஸ்வரி தலையாட்டினாள். பாண்டிதுரை மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அப்பம் இன்னொண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"எழுத்தெல்லாம் எறும்பு கணக்கா இருக்கு. கண்ணாடி போட்டும் தெரியல."

"பொறவு?"

"ஓட்ட அண்டாவ அடைக்கக் குடுத்தா அதையும் குடோன்ல இருக்குன்னே காட்டுது."

"அட, ஆமா. பொறவு?"

பாண்டிதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. செல்வின் தன் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. வேலை தெரிந்த ஒரு மனுஷியிடம் பேசுவதுபோல அவர் தன்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை என்று ஈஸ்வரிக்குப் பட்டது. இத்தனை குறை கேட்டு இத்தனை சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை.