நாலாம் நம்பர் மைக்

எட்டு மாதமாகச் சுஜீதன் காத்திருந்த பழிவாங்கும் நாள், நாற்பது பாகை வெயிலோடு வந்து சேர்ந்தது. மெல்பேர்னில் டிசம்பர் அப்படித்தான். தேவாலய வாசலில் பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஆட்கள் பாட்டுத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

தேவாலயம் வெள்ளைக்காரருடையது. ஞாயிறு காலை அவர்களுக்கு, பின்னேரம் தமிழ்ச் சபைக்கு. வருடத்தில் ஒரே ஒரு நாள், இந்தக் கரோல் ஆராதனைக்கு மட்டும், இரண்டு சபையும் சேர்ந்து இருக்கும். அவர்கள் ஸ்கோன் என்ற தங்கள் பணிஸைக் கொண்டுவருவார்கள், இவர்கள் மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார்கள். ரோல்ஸ்தான் முதலில் முடியும்.

சுஜீதன் பதினொரு வருடம் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவன். நகரின் மேற்கோரம், ட்ருகனினாவில் ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும் வாய் சும்மா இராது. ஆனால் ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறு ஒத்திகையில், எல்லார் முன்னாலும், குழுத் தலைவன் ஜெயதீபன் அவனைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணை, கோவிக்கக் கூடாது. உங்கட குரல் தனியாத் துருத்துது. கொஞ்ச நாள் சவுண்ட் மேசையைப் பாருங்கோவன். அதுவும் ஊழியந்தானே."

"எத்தினை நாள்?"

"ஆண்டவர் சொல்லுமட்டும்."

குழு சிரித்தது. அதில் பெரிதாகச் சிரித்தது இரண்டாம் வரிசையில் நின்ற கமலினி. சுஜீதனின் மனைவி.

"அவன் சொன்ன விதம் பகிடியா இருந்தது, அதுக்குத்தான் சிரிச்சனான்" என்றாள், காரில்.

"அப்ப சொன்ன விசயம்?"

"அது உண்மைதானேப்பா."

சவுண்ட் மேசையைப் பற்றி அவன் வீடியோ பார்த்துப் படித்தான். படித்ததில் ஒன்று மட்டும் தேனாய் இனித்தது. ஒவ்வொரு மைக்குக்கும் மேசையில் ஃபேடர் என்று ஒரு சின்னக் கட்டை உண்டு. அதைக் கீழே இழுத்தால் சபைக்கு ஒன்றும் கேட்காது. அவனுடைய ஹெட்போனுக்கும் பதிவுக்கும் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெயதீபனின் மைக் நாலாம் நம்பர்.

திட்டம் அப்போதே முளைத்துவிட்டது. கரோல் ஆராதனையில் ஜெயதீபனுக்கு ஒரு தனிப்பாட்டு. அதன் உச்சத்தில், இரண்டு சபையும் பார்த்திருக்க, கட்டையை இழுத்துவிட வேண்டும். மீன் மாதிரி வாயைத் திறந்து மூடட்டும்! இதற்காகக் குசினியில் பட்டர் மேல் கத்தியை இழுத்து இழுத்து ஒத்திகை பார்த்தான்.

"ஏனப்பா பட்டரோட சண்டை பிடிக்கிறியள்?" என்று கமலினி கேட்டாள்.

கரோல் நாளன்று ஆராதனை தொடங்க இருபது நிமிடம் இருக்கையில், ஜெயதீபன் சட்டையில் மைக்கைக் கொழுவிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான். கட்டை கீழே கிடந்ததால் சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. சுஜீதனின் காதில் மட்டும் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. போதகரைப் பற்றி ஏதாவது வம்பு கதைக்கப் போகிறான், கட்டையை அப்படியே ஏற்றிச் சபைக்குக் கேட்கவிடலாம் என்று விரலைத் தயாராக வைத்தான்.

வந்தது ஜெபம்.

"ஆண்டவரே, மூண்டு கிழமையாத் தொண்டை சரியில்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த உச்சத்தை ஒரேயொருக்கா எட்டவிடும். பருத்தித்துறையில அம்மா போனில பாத்துக்கொண்டிருக்கிறா. சுஜீதன் அண்ணையைக் கலைச்சது பிழைதான், நல்லாப் பாடுறாரெண்ட எரிச்சல்தான். அதைப் பிறகு ஆறுதலாக் கதைப்பம். இண்டைக்கு இதை மட்டும் பாரும். ஆமென்."

சுஜீதனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கடவுளிடம் ஒப்புக்கொண்டுவிட்டானாம். அடிவாங்கியவன் இங்கே வயர்களுக்கு நடுவில் குந்திக்கொண்டிருக்கிறான்!

அடுத்த நிமிடம் இன்னொன்றும் உறைத்தது. எட்டு மாதத் திட்டமே தலைகீழ். குரல் உடையப்போகிறவனின் மைக்கை அணைப்பது உபகாரம் அல்லவா? பழி வேண்டுமென்றால் கட்டையை மேலே ஏற்ற வேண்டும். கடைசி வரிசையில் காது மந்தமான கிழவிக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். சுஜீதன் சிரித்துக்கொண்டான். தன் புத்தியில் அவனுக்கே முதல் தடவையாக மரியாதை வந்தது.

பாட்டு தொடங்கியது. பின்னால் குழு மெல்லச் சேர்ந்துகொண்டது. உச்சம் நெருங்க, சுஜீதன் நாலாம் நம்பரில் விரலை வைத்தான். ஜெயதீபன் மூச்சை இழுத்த விதத்திலேயே தெரிந்தது, எட்டாது. மேசைக்குப் பக்கத்தில், ஆராதனையை நேரலையாய் ஊருக்கு அனுப்பும் போன் முக்காலியில் நின்றது. பருத்தித்துறையிலிருந்து ஒரு சிவப்பு இதயம் திரையில் மேலே மிதந்து போனது.

"நாசமாப் போக" என்று முணுமுணுத்துக்கொண்டு சுஜீதன் கட்டையைக் கீழே இழுத்தான்.

சபைக்குக் கேட்டது குழுவின் குரல் மட்டும். ஹெட்போனில், கதவுக்குள் கால் அகப்பட்ட ஆடு ஒன்று கத்தியது. இரண்டு வரி கழித்துக் கட்டையை மெல்ல ஏற்றினான். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி திரும்பி, சவுண்ட் மேசையைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து ரோல்ஸ் மேசையடியில் ஜெயதீபன் வந்து நின்றான். சுற்றிவர ஆட்கள்.

"என்ன அண்ணை, முக்கியமான இடத்தில மைக் செத்துப்போச்சு! ஒரு வேலையைத் தந்தா ஒழுங்காச் செய்யமாட்டியளோ?"

சிலர் சிரித்தார்கள். கமலினி இந்தமுறை சிரிக்கவில்லை; கணவனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"இண்டைக்கு அந்த உச்சம் எனக்கு என்னமா வந்தது தெரியுமே?" என்றான் ஜெயதீபன்.

"ஓம் தம்பி" என்றான் சுஜீதன். "தெரியும்."

திங்கள் காலை வேலைக்குப் போகும் வழியில், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்த சின்ன யுஎஸ்பியைக் காரில் செருகினான். நாலாம் நம்பரை மட்டும் போட்டான். ஆடு கத்தும் இடம் வந்ததும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தன் அடிக்குரலையும் சேர்த்து முழுத் தொண்டையில் பாடினான். துருத்துகிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ட்ருகனினா வருவதற்குள் அந்த இடத்தை ஒன்பது தரம் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை வரை வேலைக்குப் போய்வர அதுவே போதும் என்று தோன்றியது. கிடங்கு வாசலில் நிறுத்தியபின், பத்தாவது தரமும் போட்டான்.