பின்னால் போக விடாத வரி

தம்பியின் சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. ஆட்கள் வருவதற்குள் மாற்றிவிட வேண்டுமென்று அக்கா அவசர அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றினாள். உயிர் போன பிறகும் அவன் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. மடங்கிக் கிடந்த முழங்கை சட்டையை விட்டு வெளியே வருவேனா என்றது.

அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். கட்டிலுக்கடியில் டம்ளர் உருண்டு கிடந்தது. அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எதுவானாலும் மூக்கு டியூப்பில்தான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“தண்ணி தண்ணின்னு கேட்டான்டி. ஒரு வாய்தான்…” என்றாள் அம்மா.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் எதையாவது கொட்டிவிடுவோம் என்று பயந்து, டம்ளரை எடுத்துப் போய்க் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தாள்.

டாக்டர் வந்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

“கடைசியா என்ன குடுத்தீங்க?”

அம்மாவின் உதடு அசைந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

“காலைல டியூப்ல பால் குடுத்தோம் சார். அப்புறம் ஒண்ணும் குடுக்கல. தூக்கத்துலயே போயிட்டான்.”

“புண்ணியம் பண்ணவன்மா” என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா வாசலில் நின்று போனில் ஒவ்வொருவரிடமும் அதையே ஒப்பித்தார். “தூக்கத்துலயே போயிட்டான். கஷ்டப்படல.” ஒவ்வொரு தடவையும் உள்ளே அம்மாவின் தோள் குலுங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

எல்லாம் முடிந்து அப்பா மயானத்திலிருந்து திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. நேரே அவன் அறைக்குள் போய் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அதைத் துணியால் துடைத்ததோடு சரி, தொட்டதில்லை.

“அவனோட பொட்டி ஆட்டம்… அத எப்படி ஆடறது?”

படுத்த படுக்கையாகக் கிடந்தும் அவன் லேப்டாப்பில் ஆடுகிற புதிர் ஆட்டங்களை உருவாக்கிக்கொண்டிருந்தான். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று. ஒரு வரிக்கு ஒரு விதி. திரையில் வரும் குட்டி ஆள் பெட்டியை முட்டினால் பெட்டி நகரும் என்று ஒரு வரி. பெட்டிகள் எல்லாம் குறித்த புள்ளிகளில் உட்கார்ந்தால் ஜெயம் என்று இன்னொன்று. இழுப்பதற்கு வரி எழுதவில்லையென்றால், தலைகீழாக நின்றாலும் அந்த ஆட்டத்தில் யாரும் இழுக்க முடியாது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு அவன் குழறிக் குழறிச் சொல்வான், அக்கா தட்டுவாள். அந்தக் குழறல் வீட்டுப் பெண்கள் இருவருக்கு மட்டும்தான் புரியும்.

கடைசி ஆட்டத்துக்கு மட்டும் கோப்பின் உச்சியில் ஒரு வரி போடச் சொன்னான். வைத்த அடியைத் திரும்ப எடுக்கக் கூடாது என்கிற வரி. அவனுடைய மற்ற ஆட்டங்களில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகலாம்.

“ஏன்டா இப்படி? ஆடறவங்க உன்னத் திட்டித் தீர்ப்பாங்க.”

“திட்டட்டும். நான் எங்க கேக்கப் போறேன்?” என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. “என்னக் கேக்காம ஒரு வரியக்கூடத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு.”

அவள் அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

இப்போது அக்கா அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான் திறந்து வைத்தாள். “இந்த நாலு அம்புக்குறிதாம்மா. தள்ளிட்டே போ.”

அம்மா தள்ளினாள். எடுத்த எடுப்பிலேயே பெட்டி மூலையில் போய் மாட்டிக்கொண்டது.

“அய்யய்யோ! எடு, எடு.”

“எடுக்க வராதும்மா.”

“அவன் ஒண்ணத் தட்டுவானே, நடந்ததெல்லாம் பின்னாடி போகுமே. எது அது?”

அக்கா பட்டனைக் காட்டினாள். அம்மா தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். அழுத்திப் பிடித்தாள்.

“போகலியேடி.”

“இந்த ஆட்டத்துல போகாதும்மா.”

“நான் தெரியாமதான்டி தள்ளிட்டேன்.” அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “வேணும்னா செஞ்சேன்? தெரியாமதான்டி…” விரல் அந்தப் பட்டனையே இடித்துக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அக்காவுக்கு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அம்மாவின் கையை மெல்ல விலக்கி, லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். கோப்பைத் திறந்தாள். உச்சியில் இருந்த வரி அவளே தட்டியது. மன்னிச்சுக்கடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அதை அழித்தாள். சேமித்து, ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டு அம்மாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“இப்பப் பாரு.”

அம்மா பார்த்துப் பார்த்து, போன தடவை தள்ளிய மாதிரியே பெட்டியை அதே மூலைக்குத் தள்ளினாள். பிறகு அந்தப் பட்டனைத் தட்டினாள். பெட்டி மூலையைவிட்டு ஒரு கட்டம் வெளியே வந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு கட்டம். குட்டி ஆள் வந்த வழியே பின்னால் நடந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றான்.

அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. அம்மா பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.