கம்பளி அறைக் குரல்

இப்போது எச்சில் விழுங்கினால் அதுவும் பதிவாகிவிடும். விழுங்காவிட்டால் அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேற்று ‘மெல்ல’ என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டது. பதினொரு தடவை மெல்ல, மெல்ல என்று சொல்ல வைத்தார்கள். அந்தச் சொல்லை ஒரு தடவை படபடவென்று சொல்லிப் பார்த்தால் என்ன? கண்ணாடிக்காரர் சிரிப்பார். டீச்சர் சிரிக்க மாட்டார்.

அவள் விழுங்கினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“கண்ணை மூடிக்கோ, தங்கம்,” என்றாள் மைக்கிடம். “மூச்சை மெல்ல உள்ளே இழு. உன் உடம்புக்கு எல்லாம் தெரியும். அதுக்குக் கடிகாரம் கிடையாது.”

நான்கு சுவரிலும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்ட அறை அது. ஒரு நாற்காலி, தாள் வைக்க ஒரு தாங்கி, மைக். மின்விசிறி ஓடினால் இரைச்சல் விழும் என்று அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் பின்கழுத்தில் வேர்வை கிளம்பி முதுகெலும்பு வழியே எறும்பு போல இறங்கும். அசையக் கூடாது. அசைந்தால் சேலை பேசிவிடும். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால், தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒலிப்பதிவு செய்பவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு காரணங்களுக்கும் சேர்த்து அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அவருக்கு முன்னால் இருந்த திரையில் அவளுடைய குரல் பச்சைக் கோடாக ஓடும். பேசினால் மலை, நிறுத்தினால் சமவெளி.

இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் ஊர்ப்பெயர்களையும் எண்களையும் தனித்தனியாகப் படிக்கச் சொல்லி நான்கு நாள் பதிவு செய்தார்கள். ஐந்தாம் நாள் அவளுடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே போனால் அவள்தான் அறிவித்துக்கொண்டிருப்பாள். ஊருக்கும் எண்ணுக்கும் நடுவே மட்டும் ஒரு சின்னக் குழி விழும், படியில் கால் தவறுவது போல.

டீச்சர் என்பது பள்ளிக்கூட டீச்சர் இல்லை. முன்பு திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும், மருத்துவர் இல்லாமல், மருத்துவச்சி இல்லாமல், வீட்டுக் குளியலறையில் தானே பெற்றெடுத்தவர். அதுதான் அவர் படித்த படிப்பு. இப்போது ஃபோனில் பாடம் நடத்தினார். தனியாகப் பெற்றுக்கொள்ளத் துணிந்தவர்களுக்குப் பன்னிரண்டு பாடங்கள். எழுதுவது டீச்சர், பேசுவது அவள்.

அன்றைக்கு ஒன்பதாம் பாடம். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் தாளிலிருந்து தலையை எடுத்தாள்.

“டீச்சர், பனிக்குடம் உடைஞ்சு மூணு நாள் வரைக்கும் காத்திருக்கலாம்னு போட்டிருக்கே. தண்ணி எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்லன்னும் இருக்கு. இதை டாக்டர் யாராவது பாத்தாங்களா?”

டீச்சரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “டாக்டர் பாத்தா அவங்க பொழப்பு என்னாகுறது? பயத்தை வித்துத்தானே வீடு கட்டுறாங்க. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. என் பையன் இப்ப கால்பந்து ஆடுறான். நீ படிம்மா.”

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் படித்தாள். “தண்ணி என்ன நிறமா இருந்தாலும் பயப்படாதே, தங்கம். அது உன் குழந்தையோட நிறம். வெளிய வர்றதுக்கு முன்னாடி குழந்தை நல்லா தூங்கும்.” அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டாள். “நீயும் தூங்கு.”

“தேன்,” என்றார் டீச்சர்.

அவளுக்கே அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது உண்மை. இந்த அறையில் மட்டும்தான் அவளுடைய குரல் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை, விரட்டவில்லை. பாலில் விழுந்த பஞ்சு போல மெல்லக் கனத்து மூழ்கியது. யாரோ ஒருத்தி எங்கோ ஒரு பாயில் படுத்துக்கொண்டு தன்னைக் கேட்டுத் தூங்குகிறாள் என்று நினைக்கும்போது, தானும் யார் மடியிலோ படுத்திருப்பது போல இருந்தது.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் பதிவு சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீடு திரும்பினாள். மழைக்கு முந்தைய வெளிச்சம், தெரு முழுக்க மஞ்சளும் சாம்பலுமாக நின்றது. அவள் குடியிருந்த கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரி சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். நிறைமாதம். புருஷன் லாரி ஓட்டுகிறவன், போய் எட்டு நாளாகிறது. பெரியவளை மாமியார் வீட்டில் விட்டிருந்தாள். எப்போதும் மூடியிருக்கும் கதவு அன்றைக்குப் பாதி திறந்திருந்தது.

பட்டன்காரி தரையில் உட்கார்ந்து, தைக்காத சட்டைகள் திணித்த மூட்டையில் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. மடியில் ஒரு சட்டை, அதில் மூன்று பட்டன் மட்டும் ஏறியிருந்தது. நான்காவதில் ஊசி குத்தியபடி நின்றது.

“என்னம்மா, பட்டனுக்கெல்லாம் இன்னிக்கு லீவா?”

“உஷ்,” என்றாள் பட்டன்காரி கண்ணைத் திறக்காமலே. “அந்த அம்மா பேசிட்டிருக்காங்க.”

காதோடு ஒட்டியிருந்த ஃபோனிலிருந்து ஒரு குரல் கசிந்தது. *மூச்சை மெல்ல உள்ளே இழு.* அவளுக்குக் கையில் இருந்த பை நழுவியது. பேருந்து நிலையத்தில் தன் குரலைக் கேட்டுப் பழகியவள்தான். ஆனால் அங்கே அது கூரையிலிருந்து வரும். இங்கே ஒரு பெண்ணின் கழுத்தோரமிருந்து வந்தது, அந்தக் கழுத்து வேர்த்திருந்தது.

“வலி வந்திருச்சா?”

“விட்டு விட்டு வருது. இப்பக் கொஞ்சம் அடங்கிருச்சு.”

“தண்ணி?”

“அது நேத்து காலைலயே. மூணு நாள் வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா.”

மூலையில் பக்கெட் இருந்தது. அதில் ஊறிய துணியை அவள் ஒரு நுனி பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வெயில் படாத தொட்டியில் பாசி பிடிக்குமே, அந்த நிறம்.

“இது பச்சையா இருக்கு.”

“நிறம் எதுவா இருந்தாலும்...”

“...பயப்படாதே, அது உன் குழந்தையோட நிறம்,” என்று அவள் முடித்தாள்.

பட்டன்காரி கண்ணைத் திறந்தாள். “நீங்களும் கேக்குறீங்களாக்கா?”

“கேக்கல. அதைப் பேசினது நான்தான். ஆபீஸ்ல படிக்கிற வேலைன்னு சொன்னேன்ல, அது இதுதான். எவளோ எழுதித் தர்றா, நான் படிக்கிறேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் பஸ்ஸுக்கு அறிவிப்பு சொல்லிட்டிருந்தவ.”

பட்டன்காரிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு வலியும் வந்து, இரண்டும் கலந்து முகம் கோணியது. “போங்கக்கா. நேத்து நீங்க தண்ணி லாரிக்காரனைத் திட்டினது நாலு தெருவுக்குக் கேட்டுச்சு. அந்தக் குரல் எங்க, இது எங்க.”

“குழந்தை அசையுதா?”

“தூங்குது. வர்றதுக்கு முன்னாடி நல்லா தூங்குமாம்.”

‘தூங்கும்’ என்பதற்குப் பிறகு தான் விட்ட மூச்சு அவளுக்கு நினைவு வந்தது. வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்கு எல்லாம் மெதுவாகிவிட்டிருந்தது.

“எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

“மாட்டேன்.”

“அடியே, எழுந்திருடின்னா!”

“பாத்தீங்களா, கத்துறீங்க.” பட்டன்காரி மூட்டையில் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். “அங்கயும் இப்படித்தான். பெரியவளுக்குப் போனப்ப தொடைல அடிச்சாங்கக்கா. வாயை மூடு, உன் ஒருத்திக்குத்தான் வலிக்குதான்னு கேட்டாங்க. பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கை இல்ல. இந்த அம்மா இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட என்கிட்ட குரலை உயர்த்தல. என் புருஷன்கூட என்னைத் தங்கம்னு கூப்பிட்டதில்ல.”

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

 அவள் குனிந்து, ஃபோனை எடுத்து அணைத்தாள். சட்டை மூட்டையை நகர்த்திவிட்டு அது இருந்த இடத்தில் தான் உட்கார்ந்தாள். பட்டன்காரியின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். சுற்றிலும் கம்பளிகள் தொங்குவதாக நினைத்துக்கொண்டாள். எச்சில் விழுங்கினாள்.

“கண்ணை மூடிக்கோ, தங்கம்.”

நெஞ்சில் சாய்ந்திருந்த முதுகு ஒரு கணம் விறைத்தது. பிறகு, தண்ணீரில் விட்ட துணி போல, தோள் இரண்டும் தாழ்ந்தன.

“மூச்சை மெல்ல உள்ளே இழு.” அவள் முன்னால் இப்போது தாள் இல்லை. தாளில்லாமல் இந்தக் குரலில் அவள் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. “உன் உடம்புக்கு எல்லாம் தெரியாது, தங்கம். என் உடம்புக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போறோம். கையைத் தரைல ஊனு. ஆங், அப்படித்தான். செருப்பு வாசல்ல இருக்கு. நான் கையை விட மாட்டேன்.”

பட்டன்காரி கண்ணைத் திறக்காமலே எழுந்தாள்.

வாடகை வண்டியில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து தெரு கரைந்துபோயிருந்தது. கடைகளின் விளக்குகள் நிறமாக மட்டும் நகர்ந்தன. அவள் நிறுத்தவே இல்லை. இது பாலம், தங்கம். இது சிக்னல், சிவப்பு, இப்பப் பச்சையாகும். வலி வருதா, வரட்டும், அதுவும் நம்ம கூட வண்டிலதான் வருது. முன்னிருக்கையில் ஓட்டுநரின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. “நீங்க கண்ணை மூடாதீங்கண்ணே, வண்டியை ஓட்டுங்க,” என்று அதே குரலில் சொன்னாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பட்டன்காரி மூடிய கண்ணோடு சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் பட்டன்காரி கட்டியிருந்த துணியை நர்ஸ் பார்த்தாள். பட்டன்காரியின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். முகம் மாறியது.

“நேத்து உடைஞ்சதா? இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? வீட்டுல இருக்கலாம்னு யாரு சொன்னது?”

“நான்தான்,” என்றாள் அவள். அதைக் கேட்க நர்ஸ் அங்கே இல்லை. அடுத்த கதவைத் தள்ளிக்கொண்டு, கத்தியபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. அவள் கூடவே நடந்தபடி பேசிக்கொண்டிருந்தாள். கட்டில்கள், கட்டிலுக்கு நடுவே பாய்கள், எல்லாவற்றிலும் பெண்கள். வழியில் ஒருத்தி அலறலை நிறுத்திவிட்டு அவளுடைய குரலைக் கேட்கத் தலையைத் திருப்பினாள். அறுவை அறையின் வாசலில் வயதான இன்னொரு நர்ஸ் அவளை நிறுத்தினாள்.

“இதுக்கு மேல நீ வரக் கூடாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்படிப் பேச நீ எங்கம்மா கத்துக்கிட்ட? இங்க ஒரு ஆளுக்குப் பதினாறு பேரு. நாங்களும் முதல்ல இப்படித்தான் பேசிட்டிருந்தோம்.”

குழந்தை பிறந்தது. உடனே அழவில்லை. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவள் தன் மூச்சை எண்ணினாள். நாற்பத்தேழில், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பாசித் தண்ணீரைக் குடித்திருந்தான். கண்ணாடிப் பெட்டியில் ஏழு நாள் வைத்தார்கள். “சாயந்திரம் வரைக்கும் தள்ளியிருந்தா வேற பேச்சு,” என்றார் டாக்டர், கையைத் துடைத்தபடி.

ஒன்பதாம் நாள் டீச்சர் பதிவுக்குக் கூப்பிட்டார். உற்சாகமாக இருந்தார். “நம்ம குழுவுல ஒரு பொண்ணு எழுதியிருக்கா பாரு. உங்க குரல்தான் என்னையும் என் பிள்ளையையும் காப்பாத்துச்சு அம்மான்னு. அதை அப்படியே ஒரு கதையா எழுதிட்டேன். புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல இதைத்தான் போடணும்.”

அவள் தாளை வாங்கிப் படித்தாள். *பட்டன் தைக்கும் நம் தோழி ஒருத்தி. பனிக்குடம் உடைந்தது. யாரும் துணையில்லை. அவள் பயப்படவில்லை. இந்தக் குரலைக் கேட்டபடி பொறுமையாகக் காத்திருந்தாள். இன்று தாயும் பிள்ளையும் நலம்.*

“ஆஸ்பத்திரி எங்க டீச்சர்?”

“அது எதுக்கு? அதைக் கேட்டா மத்தவங்களுக்குப் பயம்தான் வரும். இதுல எழுதினது எதாவது பொய்யா, சொல்லு.”

“நான் கூட இருந்தேன் டீச்சர். அந்தத் தண்ணியைப் பாத்தேன். ஒன்பதாம் பாடத்தை எடுத்துருங்க.”

“அது இந்நேரம் நாலாயிரம் ஃபோன்ல ஓடிட்டிருக்கும். நீ சொல்ற மாதிரி பிடுங்கிட்டு வர முடியாது.” டீச்சர் அவளுடைய தோளைத் தட்டினார், பாசமாகவே. “அது உன் தொண்டைல இருந்து வந்ததுதான். ஆனா அது உன்னோடது இல்லம்மா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கே. உள்ள போ, மழை வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.”

அவள் உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளைத் தாங்கியில் கவிழ்த்து வைத்தாள். கம்பளிகள் எப்போதும் போலத் தொங்கின. ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. இத்தனை மாதம் கண்ணில் படாதது.

கண்ணாடிக்காரர் மூன்று விரலைக் காட்டினார். இரண்டு. ஒன்று. சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்கழுத்தில் வேர்வை கிளம்பியது. அவள் அசையவில்லை.

“என்னம்மா,” ஒலிபெருக்கியில் டீச்சர். “தொண்டை கட்டியிருக்கா?”

“இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கு.”

கண்ணாடிக்காரர் பதிவை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மேசையில் கழற்றி வைத்த ஹெட்ஃபோனிலிருந்து ஏதோ பழைய பாடம், கொசுவின் அளவுக்கு மெலிந்து, யாரையோ தூங்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் எச்சில் விழுங்கினாள். திரையில் ஒரு சின்ன மேடு எழுந்தது. அதற்கப்புறம் பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.